சுடுமண் கணப்பில் விரிசல்: சிமெண்ட் பூசி வீட்டுக்குள் எரிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பெருத்த வயிறு, முன்பக்கம் வாய், மேலே புகை போக நீண்ட கழுத்து என்று இருக்கும் சுடுமண் கணப்பு ஒன்றை வாங்கி வெளியில் வைத்திருக்கிறீர்கள். சில நாள் மழையில் நனைந்து கிடந்ததை எடுத்து, குளிருக்கு நன்றாக மூட்டி எரித்ததில் வயிற்றின் பின்பக்கம் மெல்லிய விரிசல் விட்டிருக்கிறது. அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, இனிமேல் நனையாமல் இருக்க ஹாலுக்குள் ஜன்னலோரமாக வைத்து, ஜன்னலைத் திறந்துகொண்டு எரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். விரிசலைப் பற்றிய கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கவலைப்பட வேண்டிய பாதி கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: மண் அடுப்புகளும் சிறிய சூளைகளும் கட்டுவது, பழுது பார்ப்பது என் தொழில், பல வருடமாகச் செய்கிறேன். மண் எப்படி வேகும், எங்கே பிளக்கும், புகை ஏன் திரும்பி முகத்தில் அடிக்கும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரியும். மருத்துவம் என் துறை இல்லை. உங்கள் கணப்பை நேரில் தட்டிப் பார்க்காமல் அது தாங்குமா தாங்காதா என்று தீர்ப்பும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வீட்டுக்குள் வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தாலும் வேண்டாம், கதவையும் சேர்த்துத் திறந்தாலும் வேண்டாம். இந்த வகைக் கணப்பின் கழுத்து புகையை உங்கள் மூக்கு மட்டத்துக்கு மேலே தூக்கிவிடத்தான் இருக்கிறது, வீட்டுக்கு வெளியே கொண்டுபோக இல்லை. ஹாலில் வைத்தால் கழுத்தின் வழியே வருவதெல்லாம் ஹாலுக்குள்தான் வரும். புகை வந்தால் கண் எரியும், உடனே வெளியே ஓடிவிடுவோம், அதனால் புகை ஒருவகையில் எச்சரிக்கைதான். பயப்பட வேண்டியது புகை அடங்கிய பிறகு வரும் நேரத்துக்கு. சுவாலை அணைந்து, சிவப்பாகத் தணல் மட்டும் கிடக்கும்போது பார்க்க அழகாக இருக்கும், கண் எரியாது, அறை கதகதப்பாக இருக்கும், தூக்கம் வரும். அந்தத் தணலில் இருந்துதான் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நாம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்போம், ஆனால் உடம்புக்குக் காற்று போய்ச் சேராது.

பாரம் என்பதால் அது தரையில் தங்கும், கட்டிலில் படுத்தால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். லேசானது என்பதால் மேல் ஜன்னல் வழியே போய்விடும் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் தவறு. அதன் அடர்த்தி கிட்டத்தட்டக் காற்றின் அடர்த்திதான், இம்மியளவு குறைவு, அவ்வளவே. அறை முழுக்கக் கலந்து நிற்கும். திறந்த ஜன்னல் காற்றை வெளியே விடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெளியே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வீட்டில் வேறெந்த இடம் திறந்திருக்கிறது, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து அதே ஜன்னல் வெளிக்காற்றை உள்ளே தள்ளி, உள்ளிருப்பதை வீடு முழுக்கப் பரப்பவும் செய்யும். கூரை போட்ட வராந்தா, ஷட்டர் பாதி திறந்த கார் ஷெட், மழைக்குக் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் எல்லாமே இதே கணக்கில்தான் வரும். கூரைக்குத் தீப்பிடிக்கும் ஆபத்து அங்கே கூடுதல்.

உங்கள் வீட்டில் விறகோ, கரியோ, கேஸோ எது எரிந்தாலும் சரி, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. அலாரத்துக்குள் இருக்கும் உணரிக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 10 வருடம், பின்பக்கத்தில் தேதி அச்சிட்டிருப்பார்கள். அலாரம் வாங்கிவிட்டதால் உள்ளே எரிக்கலாம் என்று அர்த்தமில்லை. எல்லாம் தவறிப்போனால் எழுப்பிவிடத்தான் அது. காய்ச்சல் இல்லாமல் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அதுவும் வீட்டில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில், வெளியே போனால் கொஞ்சம் தேவலை என்றால், உடனே எல்லோரும் வெளியேறி, அவசர உதவியைக் கூப்பிட்டு, நெருப்பு எரித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லுங்கள். அதைச் சொல்வது முக்கியம், ஏனென்றால் விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த வாயு ஒட்டிய இரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் மாதிரியே படித்து, எல்லாம் சரி என்று 98, 99 காட்டும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது.

சரி, இனி விரிசல். இந்தக் கணப்புகள் பொதுவாக 1000 டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்குக் கீழேயோ சுட்ட மண். பீங்கான் போல இறுகியது இல்லை, உள்ளே நுண்துளைகள் நிறைய இருக்கும், தண்ணீரைக் குடிக்கும். மழையில் நனைந்த பிறகு வெளிப்பக்கம் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் சுவரின் நடுவில் ஈரம் உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் பெரிதாக மூட்டினால் தண்ணீர் ஆவியாகி, இருந்த இடத்தைப்போல் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். நுண்துளை வழியே மெதுவாக வெளியேற அவகாசம் இருந்தால் ஒன்றும் ஆகாது, அவசரப்படுத்தினால் பிளந்துகொண்டு போகும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், அதனால் உட்புறம் சூடேறி விரியும்போது வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், உள்ளே இருந்து தள்ளப்பட்டு இழுவிசையில் நிற்கும். சுட்ட மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் விரிசல் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் ஆரம்பிக்கிறது. சுவாலை போய் மோதுவது பின்சுவரில் என்பதால் உங்களுக்கும் அங்கே விட்டிருக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஈரமும் அவசரமும் சேர்ந்து செய்த வேலை இது. வாங்கும்போதே உள்ளே ஒரு கீறல் இருந்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்று எழுத்தில் படித்துச் சொல்ல முடியாது.

ஆனால் விரிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். முழுக்க ஆறியதும் உள்ளே இருக்கும் சாம்பலையும் மணலையும் எடுத்துக் காலி செய்யுங்கள். மணல் இருந்தால் ஓசை அமுங்கிவிடும். விரலை மடக்கி முட்டியால் வயிற்றைச் சுற்றி ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மண் கணீர் என்று சொல்லும். பிளவு ஆழமாக ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஓசை தட்டையாக, மொத்தையாக மாறும், அந்த மாற்றம் பழக்கமில்லாத காதுக்கும் கேட்கும். அப்புறம் இருட்டியதும் உள்ளே ஒரு டார்ச்சை வைத்து விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே இருந்து பாருங்கள். விரிசல் வழியே ஒளிக்கோடு தெரிந்தால் அது மறுபக்கம் வரை போய்விட்டது. தெரியாவிட்டால் பெரும்பாலும் மேலோட்டமானது. கடைசியாக விரிசலின் இரண்டு முனையிலும் குறுக்கே பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவையுங்கள். அடுத்த சில முறை எரித்த பிறகு விரிசல் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்தால், அது நிற்கிற விரிசலா ஓடுகிற விரிசலா என்று தெரிந்துவிடும். மயிரிழை அளவில், மேலிருந்து கீழாக, நகராமல் நிற்கிற விரிசலோடு வருடக்கணக்கில் ஓடும் கணப்புகள் உண்டு. கழுத்து வயிற்றோடு சேரும் இடத்தைச் சுற்றி வளைத்து ஓடுகிற விரிசல் அப்படியில்லை. அதற்கு மேலே இருக்கும் பாரம் முழுக்க அந்த ஒரு வளையத்தில் நிற்கிறது. எரிந்துகொண்டிருக்கும்போது கழுத்து சரிந்தால் நெருப்பு காலடிக்கு வந்துவிடும். அப்படி இருந்தால் எரிப்பதை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சிமெண்ட் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டட சிமெண்ட் இறுகும்போது உள்ளே நீரேறிய சுண்ணாம்பு உருவாகும். 400 டிகிரியைத் தாண்டும் சூட்டில் அது சிதைந்து தண்ணீரை விட்டுவிடும். ஆறிய பிறகு காற்றில் இருக்கும் ஈரத்தை மறுபடி இழுத்து உப்பும். சில முறை இப்படி நடந்தால் பூச்சு பொடியாக உதிரும். அதற்குள் மண்ணும் சிமெண்டும் வேறு வேறு அளவில் விரிவதால் விரிசலின் ஓரங்களையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். எப்பாக்ஸி, பிளாஸ்டிக் பசை வகையெல்லாம் இன்னும் மோசம், கருகி நச்சுப்புகை விடும். சூடு தாங்கும் அடுப்புச் சிமெண்ட் என்று தனியாக விற்பார்கள், சோடியம் சிலிகேட் கலந்தது, அதுதான் இந்த வேலைக்கு. விரிசலை நுனிக்கத்தியால் லேசாக அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, உள்ளே நன்றாக அமுக்கி நிரப்பி வழித்துவிடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குக் குறையாமல் நிழலில் உலரவிட்டு, பிறகு சின்ன நெருப்பில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். இதனால் சந்து அடைபடும், புகை கசியாது. உடைந்த மண்ணுக்குப் பழைய பலம் திரும்பாது. வயிற்றைச் சுற்றிக் கம்பி கட்டினால் நிற்கும் என்பதும் பாதி உண்மைதான். சூட்டில் மண்ணைவிட இரும்பு அதிகம் விரியும் என்பதால் தேவைப்படும் நேரத்தில் கம்பி தளர்ந்துவிடும். உடைந்தால் துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அந்த உபயோகம் மட்டும் உண்டு.

மறுபடி எரிக்கத் தொடங்கும் முன் காயவையுங்கள். காற்றோட்டமான இடத்தில், மழை படாமல், செங்கல் மேல் தூக்கி வைத்து, பல நாள். காய்ந்துவிட்டதா என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். உள்ளங்கை அளவு பாலிதீன் தாளை வயிற்றில் ஒட்டி, நாலு பக்கமும் டேப்பால் மூடி, வெயிலில் அரைநாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த பிறகு அடியில் மணல். வாய்விளிம்புக்குக் கீழே வரை, பொதுவாக 7 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு உலர்ந்த மணல் போட்டால் தணல் நேராக அடிமண்ணைத் தொடாது. இதை விட்டுவிடுவதால்தான் பலருக்கு அடிப்பாகம் பிளக்கிறது. ஆற்றில் பொறுக்கிய கூழாங்கற்களை அழகுக்காகப் போடாதீர்கள், உள்ளே ஈரம் புகுந்த கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். மணல் மேல் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் விறகு அடுக்கினால் அடியில் காற்றும் ஓடும், சுவாலையும் பின்சுவரை விட்டுத் தள்ளி நிற்கும். முதல் சில முறை சுள்ளி மட்டும் எரித்து, தானாக ஆறவிட்டு, அடுத்த முறை கொஞ்சம் பெரிதாக என்று படிப்படியாகப் போங்கள். பழக்குவது என்று இதைச் சொல்வார்கள். இதனால் மண் இன்னும் வேகிறது என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி எதுவும் இல்லை, மண் சூளையிலேயே வெந்துவிட்டது. ஆழத்தில் தங்கிய ஈரத்தை அவசரமில்லாமல் வெளியேற்றுவதுதான் நடக்கிறது. அதனால் புதிதாக வாங்கியதற்கு மட்டுமல்ல, மழைக்காலம் முழுக்கச் சும்மா இருந்ததற்கும் முதல் சில நெருப்பு சின்னதாகவே இருக்கட்டும்.

நெருப்பின் அளவுக்கு ஒரு எல்லை: கழுத்தின் உச்சியில் சுவாலை தலைகாட்டக் கூடாது. காட்டினால் விறகு அதிகம் என்று அர்த்தம். கரி போடாதீர்கள், விறகைவிடச் சூடாக, ஒரே இடத்தில் நின்று எரியும், மண்ணுக்கு அது ஆகாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதையும் ஊற்றி மூட்டாதீர்கள். பெட்ரோல் ஆவி அந்த வயிற்றுக்குள் நிரம்பி நின்று, தீக்குச்சி காட்டும்போது வாய் வழியே முகத்தில் அடிக்கும். எனக்குப் பிடித்த முறை தலைகீழாக அடுக்குவது: கட்டை கீழே, மேலே மெல்லிய சிராய், உச்சியில் சுள்ளியும் சுருட்டிய காகிதமும், தீ மேலே. நெருப்பு மெதுவாகக் கீழே இறங்கும், வெளிவரும் புகை சுவாலையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் புகையும் குறையும், மண்ணும் படிப்படியாகச் சூடேறும். தொடக்கத்தில் புகை முன்வாயால் வந்தால் கழுத்துக்குள் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கழுத்தின் அடியில் கொஞ்ச நேரம் பிடித்தால் இழுப்பு பிடித்துக்கொள்ளும். அப்படியும் திரும்பி வந்தால் மேலே குருவிக் கூடோ, மூடியோ, கரி அடைத்த பொறித்தடுப்பு வலையோ இருக்கிறதா பாருங்கள்.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீராகக் கூட இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே நெருப்பின் சூடு போய்விடுகிறது, அடங்கிப்போன நெருப்பு முழுதாக எரிக்காமல் விட்டது புகையாக வருகிறது. ஈரமானி மலிவான கருவிதான், ஆனால் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்தால் பொய் சொல்லும். ஒரு கட்டையைப் பிளந்து, பிளந்த புதுமுகத்தின் நடுவில் குத்த வேண்டும். கருவி இல்லாவிட்டால், காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் கதிர்கதிராக வெடிப்பு இருக்கும், பட்டை கழன்று வரும், இரண்டு கட்டையை மோதினால் டங் என்று கேட்கும். எரியும்போது முனையில் நுரைகட்டிச் சீறினால் அது பச்சை விறகு. முழு உருட்டுக் கட்டையாக வைத்தால் பட்டை ஈரத்தை அடைத்துவைக்கும். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட்டால் கடின மரம் காய ஒரு வருடமாவது பிடிக்கும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பலகைத்தூள் அட்டைகள், மருந்து ஏற்றிய மரம் இவை எதையும் எரிக்கக் கூடாது. பச்சை ஓட்டம் உள்ள பழைய வேலிக்கட்டை, தளப்பலகைகளில் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றியிருக்க வாய்ப்பு உண்டு. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் போகும். சரக்குப் பலகைகள் கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு ஏற்றியது, அதைத் தொடவே வேண்டாம். எச்.டி. பலகையாக இருந்தாலும் என்ன சரக்கு அதன்மேல் கொட்டியது என்று நமக்குத் தெரியாது, கறை இருந்தால் விட்டுவிடுங்கள். கடலில் ஒதுங்கிய கட்டையும் வேண்டாம், உப்போடு எரிந்தால் டையாக்சின் வகை நச்சுகள் உண்டாகும்.

இடம் என்று பார்த்தால் சமமான கல் தரையோ கான்கிரீட்டோ, மரத்தளம் கூடாது, காய்ந்த புல்லும் கூடாது. சுவர், வேலி, மரக்கிளை, துணிக்கொடி எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டர் தள்ளி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, மேலே திறந்த வானம். காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள். பலமான காற்று இருந்தால் அன்றைக்கு எரிக்காதீர்கள். வயிற்றின் வெளிப்பக்கம் சிவந்து காட்டாது, ஆனால் தொட்டால் தோல் பொசுங்கும், சிறு குழந்தைகளுக்கு இது தெரியாது. ஒரு வாளி மணலும், பக்கத்தில் பொறி விழுந்தால் அணைக்கத் தண்ணீரும் இருக்கட்டும். அந்தத் தண்ணீரைக் கணப்பின் மேல் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சூடான மண்ணின் மேற்பரப்பு ஒரே நொடியில் சுருங்கும், நீங்கள் பார்க்கும்போதே பிளக்கும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள், மிச்சத் தணலை மணலால் மூடுங்கள்.

சாம்பலில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேலே சாம்பல் குளிர்ந்திருக்கும், அடியில் கங்கு நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஏனென்றால் சாம்பல் சூட்டை வெளியே விடாமல் போர்த்தி வைக்கும். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலும் காகிதப் பையிலும் கொட்டி, இரவில் வீடு பற்றிய கதைகள் எல்லா இடத்திலும் உண்டு. மூடி உள்ள உலோக வாளியில் எடுத்து, வீட்டைவிட்டுத் தள்ளிக் கல் தரையில் நாலைந்து நாள் விட்டுவிட்டு அப்புறம் கொட்டுங்கள். வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்ச வேண்டாம். ஈரமான சாம்பல் காரநீராகி கையை அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது, அதே காரணத்துக்காகச் சாம்பலோடு கணப்பை மழையில் விடாதீர்கள்.

ஈரத்தடுப்புப் பூச்சு அடித்தால் இந்தப் பிரச்சினை தீருமா என்று அடுத்து கேட்பீர்கள். இதில் நான் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். வெளிப்பக்கம் அடித்த பூச்சு, சூடு அதிகம் ஏறாத கழுத்தின் மேல்பாதியில் கொஞ்ச காலம் நிற்கிறது. வயிற்றில் சில நெருப்பிலேயே பொசுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வருடா வருடம் அடிக்கத் தயாராக இருந்தால் பயன் உண்டு. உட்பக்கம் ஒருபோதும் அடிக்காதீர்கள். மூடி வைக்கிறோம் என்று பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து, மழையில் விட்டதற்குச் சமமாகிவிடும். மழை படாத கொட்டகையில் தரையைவிட்டுத் தூக்கி வைப்பதுதான் என் அனுபவத்தில் எல்லாப் பூச்சையும்விட மேல். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும் இடமாக இருந்தால் இது கட்டாயம், உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், நெருப்பே இல்லாமல் மண் உதிர்ந்துவிடும். ஆறிய, காலியான கணப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பதில் தப்பில்லை, முந்தின நாள் எரித்ததை வைக்காதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே நெருப்பு வேண்டும் என்றால் அது வேறு வேலை. மண்ணாலோ செங்கல்லாலோ கட்டி, கூரையைத் தாண்டிப் புகைபோக்கி எழுப்பிய கணப்பு வேண்டும், புகைபோக்கியை அந்த வேலை தெரிந்தவர்தான் கட்ட வேண்டும். வாயில் இருந்து வரும் பொறி விழுகிற தரை கல்லாக இருக்க வேண்டும், புகைபோக்கி கூரையை ஊடுருவும் இடத்தில் மரச்சட்டம் தொடாமல் இடைவெளி விட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை துலக்க வேண்டும். ஈர விறகை அடக்கி எரித்தால் புகை மேலே போகும்போது குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் கீல் மாதிரி படியும், முதலில் உதிரும் கரியாக, பிறகு பளபளவென்று கெட்டியாக. 3 மி.மீ. தடிமன் சேர்ந்தாலே துலக்கும் நேரம் வந்துவிட்டது. விட்டால் ஒருநாள் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடித்து, 1000 டிகிரிக்கு மேல் போய்ச் சுவரைப் பிளக்கும். உங்கள் கணப்பின் கழுத்திலும் இதே படிவு வரும், குட்டையானது என்பதால் ஒரு பிரஷ்ஷில் முடிந்துவிடும்.

தட்டிப் பார்த்து, டார்ச் வைத்துப் பார்த்த பிறகும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் மூன்று படம் எடுத்துப் போடுங்கள்: விரிசல் முழுதும் தெரிகிற மாதிரி ஒன்று, அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நெருக்கத்தில் ஒன்று, கழுத்தும் வயிறும் சேரும் இடத்தைச் சுற்றி ஒன்று. மூன்றாவது படத்தைப் பார்க்காமல் எரிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.